ஏழாவது சுரம்

என் பிரியமான மச்சான்,

சலாமுக்குப் பதில் சொல்லாமல் நீங்கள் ஒருநாளும் இருந்ததில்லை. அதனால் சொல்கிறேன், அஸ்ஸலாமு அலைக்கும். பதில் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கிட்டார் இன்னும் அறைச் சுவரில்தான் தொங்குகிறது. தையல் மெஷினை ஓட்டும்போதெல்லாம் அதன் இரண்டாம் தந்தி தானாக முனகும். மெஷினை நிறுத்தினால் அதுவும் நிற்கும். அதிர்வுதான் என்று நீங்கள் எப்போதோ விளக்கியிருக்கிறீர்கள். விளக்கம் தெரிந்தால் பயம் போய்விடுமா? நீங்கள் போனபின் இத்தாவில், வீட்டுக்குள்ளேயே இருந்தபோது ஒருநாள் தாங்கமுடியாமல், வெட்டி மிஞ்சிய துணியைச் சுருட்டித் தந்திகளுக்கு அடியில் திணித்தேன்.

பாலமுனையிலிருந்து ஒரு சூட்கேஸும் இந்தக் கிட்டாருமாகக் கல்முனைக்குடிக்கு, என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் நீங்கள். வயரிங் வேலை இல்லாத நேரமெல்லாம் கிட்டார். கடைசியில் உங்களைப் பிடித்தாட்டியது அந்த ஆறு சுரம்: சி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப். ஒரே தந்தியில், கிட்டார்க் கழுத்தின் கட்டங்களை இரண்டிரண்டாகத் தாண்டினால் வருபவை. அவற்றில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்றைச் சேர்த்து, ஒன்றாக ஒலிக்கிற கோர்ட் கட்டுவீர்கள். எங்கே தொடங்கினாலும் ஒரே மாதிரி, எதையோ சொல்லவந்து சொல்லாமல் நிற்கிற சத்தம். கையை நாலு கட்டம் தள்ளி வைத்தாலும் அதே மூன்று சுரம்தான் திரும்பி வரும்.

"எங்கயும் போய் நிக்குதில்லையே மச்சான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுக்கு ஊடு இல்ல புள்ள. எல்லாம் ஒரே தூரத்துல நிக்கிது, எங்க எண்டு போறது? இன்னொரு சுரத்தக் கூட்டினா சரிவரும். அது எது எண்டுதான் தேடுறன்."

அந்தக் கடைசி நாள் பகலிலும் அதைத்தான் தேடினீர்கள். உங்கள் போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அடுப்படியிலிருந்து கத்தினேன். "போதும் மச்சான்! பேய்ப் படத்துச் சத்தம் மாதிரி இருக்கு. நிப்பாட்டிட்டு வாங்க, சோறு ஆறுது!" வந்தீர்கள், பேசாமல் சாப்பிட்டீர்கள். அஸர் தொழுதுவிட்டு ஒலுவிலுக்கு வேலைக்குப் போனீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள் என்ற செய்திதான் திரும்பி வந்தது.

இத்தா என்று நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்தேன். உங்கள் போனில் கிடைத்த அந்தப் பதிவை எத்தனை தடவை கேட்டேனோ. என் குரல் வரும் இடத்தில் விரல் தானாகப் போய் நிறுத்திவிடும். நீங்கள் கடைசியாக வாசித்ததை நிறுத்தியவள் நான். அதற்குமேல் கேட்க வேறென்ன இருக்கிறது? துணி திணித்த கிட்டாரை மடியில் வைத்து, சத்தம் வராமல் உங்கள் கோர்ட்களை விரலால் மட்டும் பிடித்துப் பழகினேன்.

இத்தா முடிந்த வாரம் உங்கள் உம்மா வந்தார். கிட்டாரை ஷைத்தானின் பெட்டி என்று சொன்ன அதே மாமிதான். தூக்கி எறியச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அவன்ட சத்தம் எதுலயாவது இரிக்கா மனே?"

இல்லை என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையைக் கடைசி நாளில் எப்படி அதட்டியிருக்கிறேன் என்று அவர் கேட்கப்போகிறாரே. ஆனாலும் போனை அவர் கையில் கொடுத்தேன். ஆறு சுரங்களும் ஓடின. என் குரல் கத்தியது. நிறுத்தப் போன என் கையை மாமி தட்டிவிட்டார்.

அதற்குப் பிறகும் பதிவு ஓடியது மச்சான்! கதிரை நகரும் சத்தம். பிறகு உங்கள் குரல், சிரிப்போடு. "ஓம், வாறன்." கிட்டாரைச் சாத்தி வைக்கும்போது ஒரே ஒரு தந்தி அதிர்ந்து, மெல்ல ஓய்ந்தது.

நான் அழத் தொடங்கினேன். ஏசிவிட்டேன் மாமி, நான்தான் நிறுத்தினேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"என்ன கா நீ? சோத்துக்குத்தானே கூப்பிட்டிரிக்காய். அவனும் வாறன் எண்டுதானே செல்றான்." அழுதுகொண்டே இன்னொரு முறை போடச் சொன்னார்.

அந்தத் தந்தி எதுவென்று எனக்குத் தெரியாதா? துணியை உருவி எடுத்தேன். இரண்டாம் தந்தி, எதையும் அழுத்தாமல் தட்டினால் பி. உங்கள் ஆறில் இல்லாத சுரம். ஈ, ஜி ஷார்ப் இரண்டோடும் அதைச் சேர்த்தேன். கிட்டார் தொட்ட யாரும் முதல் வாரத்திலேயே பழகுகிற சாதாரண ஈ மேஜர் ஒலித்தது. அதே பி, டியோடும் எஃப் ஷார்ப்போடும் சேர்ந்தபோது துக்கமான பி மைனர். ஆறு சுரங்களுக்கும் போய் நிற்க ஓர் இடம் கிடைத்தது.

கை தவறிப் பட்டதா மச்சான்? இல்லை, அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தீர்களா? சோற்றுக்கு முன்னால் அமர்ந்தபோது ஏன் சொல்லவில்லை? நான் கேட்டிருக்க வேண்டுமா?

இன்றும் மெஷினை ஓட்டினால் அந்தத் தந்தி முனகுகிறது. பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் துணியைத் திரும்ப வைக்கவில்லை. பதிவையும் அழிக்கமாட்டேன், என் குரலோடு அப்படியே இருக்கட்டும். இது என் வாக்கு: இனி உங்களைப் பாதியில் நிறுத்தமாட்டேன்.

சோறு வைத்துக் காத்திருந்த
உங்கள் மனைவி,
நிஹாரா