கிட்ட வந்து படிக்க ஒரு எழுத்து

என் வீட்டுக்காரர் கார்மினேவுக்கு, மாதா புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி எப்படியிருக்கு?

இங்க பார்மா ஊர்ல, நான் வேலை பார்க்குற அச்சாபீஸ்ல ஒண்ணு நடந்துச்சு, கவலைப்படாதீங்க. எர்சிலியான்னு ஒரு வயசான அம்மா, புருஷன் செத்துப்போயி, சுவர்ல ஒட்டுற சாவு நோட்டீஸ் அடிக்க வந்தாங்க.

"எங்க கல்யாணப் பத்திரிகை எழுத்துலயே அடிங்க" ன்னாங்க. எழுத்தோட கால் தடிமனா, குறுக்குக்கோடு மயிரிழையா, அடியில சின்னப் பாதம் வச்சு நிக்குமே, அந்த எழுத்து.

முதலாளி சிரிச்சுட்டார். "அது பத்திரிகைக்குத்தாம்மா அழகு. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னா ஒண்ணும் தெரியாது."

"கிட்ட வந்து படிக்கட்டும்யா. அவர் படுக்கையில கிடந்தப்போ ஒருத்தரும் கிட்ட வரலையே."

நானே அச்சுக் கோத்து, நானே கோயில் சுவர்ல ஒட்டி, ஜெபமாலை சொல்லிட்டு நின்னேன். சந்தைக்கு வந்தவங்க எல்லாம் மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டப் போய், அவர் பேரைத் தொட்டுப் படிச்சு, சிலுவை போட்டுக்கிட்டாங்க. எனக்குத்தான் அழுகை நிக்கல.

நம்ம கல்யாணப் பத்திரிகை பெட்டியில கிடந்தா வேணும். அதுல என்ன எழுத்துன்னு மறந்துபோச்சு. கம்பளிக் காலுறையும் வேணும். தபால்ல போடாதீங்க, முட்டிவலி தேவலைன்னா நீங்களே கொண்டுவாங்க.

முதலாளி கூப்பிடுறார்.

உங்க நுன்சியாட்டா