தமிழில் தொடங்கிய ஆங்கில வகுப்பு

செவ்வாய், இரவு. திருநகர்.

மாலையில் செல்வி டீச்சர் போன் செய்தார். டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவருடைய ஆங்கில வகுப்பைப் பற்றி நான் எழுதியது, 'தமிழில் தொடங்கிய ஆங்கில வகுப்பு' என்ற தலைப்போடு எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வந்திருந்தது. பிள்ளைகளை முதலில் தமிழில் பேசவிடுவார். பயம் தெளிந்ததும் அதே பேச்சை மெல்ல ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். வாய் திறக்காத பிள்ளையை அங்கே நான் பார்க்கவில்லை. பாராட்டித்தான் எழுதினேன்.

"இங்கிலீஸ் பீரியட்லயும் தமிழாம்லன்னு ஊரே பேசுதுண்ணே. மூணு வீட்ல டிசி கேட்டு வந்துட்டாக. திருமங்கலத்து இங்கிலீஸ் மீடியத்துக்கு வேன்ல அனுப்பப் போறாகளாம். இன்னும் நாலு பிள்ளைக போனா பள்ளிக்கூடத்தையே மூடிருவாக."

"நான் வந்து அவுககிட்டப் பேசவா?"

"வேணாம்ணே. அதையும் பேப்பர்ல போட்ருவீக."

சிரித்தார். என் மனசு நோகக்கூடாது என்றுதான் சிரித்திருப்பார்.

ஒரு வரியும் தப்பாக எழுதவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து அப்பா அம்மாக்கள் எதற்காகப் பிள்ளையை வேனில் ஏற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் இடத்திலிருந்து நான் ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் அந்தத் தலைப்பை வைத்திருக்க மாட்டேன். பத்திரிகை ஆசிரியர் குழு வைத்ததல்ல அது, நான் வைத்தது.

நாளையிலிருந்து அந்த வகுப்புக்கு மணி அடித்ததுமே ஆங்கிலம்தானாம். தமிழ் கிடையாதாம்.

"பிள்ளைக பேசுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"நான் சொல்றதத் திருப்பிச் சொல்லும்ணே. வாசல்ல நின்னு கேக்குறவகளுக்கு அது போதும்."