நாம் குடியிருந்த ஏரிக்கரைகள்

உங்கள் மகள் மீனா நேற்று கனடாவிலிருந்து சில படங்கள் அனுப்பியிருந்தாள். எல்லாம் ஏரிக்கரைகள். உயரமான மரங்கள், தண்ணீருக்குள் நீளும் பலகைப் பாலம், ஓரமாக வெள்ளை வெள்ளையாகக் கேரவன்கள், வண்டியின் பின்னால் இழுத்துப்போகிற வீடுகள். பிள்ளைகளுக்கு லீவாம். நாயையும் கூட்டிக்கொண்டு வாடகைக்கு ஒரு கேரவன் எடுத்துப் போகிறார்களாம். "இதுல எந்த இடம் நல்லா இருக்கும்மா? அப்பா இருந்திருந்தா பாத்த உடனே சொல்லிருப்பாங்க" என்று கீழே எழுதியிருந்தாள். நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உங்களிடம் பேச உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லியிருப்பீர்கள்தான். ஷார்ஜாவில் கேரவன்களைப் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தீர்கள். வண்டி எடுக்க வருகிறவர்கள் உங்களோடு டீ குடித்துக்கொண்டே, குடும்பத்தோடு எங்கே போய்த் தங்கலாம் என்று கேட்பார்கள். பிள்ளைகள் சின்னவர்களா, நாய் உண்டா, வண்டி எவ்வளவு நீளம் என்று நீங்கள் திரும்பக் கேட்பீர்கள். பிள்ளைகள் இருந்தால் மெல்ல மெல்ல ஆழமாகும் கரை. நாய் இருந்தால் கூட்டம் வராத பக்கம். பெரிய வண்டி என்றால் மணல் இறுகிய மேடு. மலை ஓடைகளின் பள்ளத்தில் மட்டும் வண்டியை நிறுத்தவே கூடாது, எங்கோ பெய்த மழை திடீரென்று வந்து அள்ளிக்கொண்டு போகும் என்பீர்கள். துபாயில் நம் கராமா வீட்டுக்கு வந்து இதையெல்லாம் எனக்கும் சொல்வீர்கள். அதுவரை நாம் ஒருமுறைகூட அப்படிப் போனதில்லை.

துபாயில் கட்டட வேலைகள் முடங்கி, கிரேன்கள் அசையாமல் நின்ற அந்தக் குளிர்காலத்தில்தான் போனோம். உங்கள் முதலாளி ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். அவர் வாங்கி வைத்திருந்த உங்கள் பாஸ்போர்ட் உள்ளே அலமாரியில் மாட்டிக்கொண்டது. லேபர் ஆபீஸில் வழக்குப் போட்டீர்கள். தேதி தள்ளித் தள்ளிப் போனது. கராமா வீட்டின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்க வழியில்லை. நானும் பிள்ளைகளும் ஊருக்குப் போகலாம், எங்கள் பாஸ்போர்ட் எங்களிடம் இருந்தது.

"நீ பிள்ளையளக் கூட்டிட்டுப் போ. நான் பின்னாலயே வந்துருவேன்" என்றீர்கள்.

"உங்கள இங்க விட்டுட்டு நான் எங்கயும் போமாட்டேன்" என்றேன்.

பழுதுபார்க்க விட்ட கேரவனை ஒரு வயதான அரபி திரும்ப எடுக்கவே இல்லை. நீங்கள் ஃபோனில் கேட்டபோது, "கலாஸ், நீயே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டாராம். பூட்டிய ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே நின்ற அதை நம் பழைய பிக்கப்பின் பின்னால் மாட்டினீர்கள். நாடு திரும்பிய ஏதோ ஒரு குடும்பம் பார்க்கிங்கில் விட்டுப் போயிருந்த பிஸ்கட் என்ற நாய், மீனாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நம் நிலைமையில் நாய் எதற்கு என்று கேட்டேன். "எல்லாருந்தான் விட்டுட்டு ஓடுதாங்க. நாமளுமா?" என்றீர்கள். நான் அதற்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தேன்.

பிள்ளைகளிடம் கேம்பிங் போகிறோம் என்றோம். மீனாவின் பள்ளிக்கு நீண்ட லீவ் என்றோம். கதிருக்கு நாலு வயது, அவன் வண்டி முழுக்கக் குதித்தான்.

முதலில் மலைகளுக்கு நடுவே அணைக்கட்டு ஏரி. பச்சைத் தண்ணீர், காலையில் அதன்மேல் புகைபோல் பனி. வெள்ளிக்கிழமை வந்ததும் குடும்பங்கள் குவிந்துவிட்டன. காவலாளி வந்து நாயைக் காட்டி, "பாய், குத்தா மாஃபி. யல்லா" என்றார், நாய் கூடாது, கிளம்பு என்று. நீங்கள் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினீர்கள். அந்தச் சிரிப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

பிறகு பாலைவன ஓரத்தில், சுத்திகரித்த கழிவுநீர் தேங்கி உண்டான அந்த ஏரி. நாணலும் கொக்குகளும் கொசுவும். யாரும் விரட்டாத இடம். முன்பெல்லாம் மற்றவர்களுக்குத் தண்ணீரின் ஆழத்தையும் கரையின் சரிவையும் பார்த்தவர், நமக்காக வேறு எதை எதையோ பார்த்தீர்கள். நடக்கிற தூரத்தில் பள்ளிவாசல் இருக்கிறதா, அதில் குழாயும் கழிப்பறையும் உண்டா, ரோட்டிலிருந்து வண்டி தெரியுமா. பக்கத்துத் தோட்டத்தைக் காவல் காத்த பாகிஸ்தான் பட்டாணிக்காரர் சில நாள் ரொட்டி கொண்டுவந்து தருவார். மீனா தூண்டில் போடக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் அவள் என்னிடம் வந்து, "லீவ் எப்பம்மா முடியும்? எனக்கு ஸ்கூலுக்குப் போணும்" என்று கேட்டாள். நான் நாணலுக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வெயில் ஏறியது. ஜெனரேட்டர் ஓட்ட டீசல் இல்லை. மதியத்தில் கேரவனின் தகரத்தில் கை வைக்க முடியாது. வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். ஒரு மதியம் கதிர் தண்ணீர் கேட்பதை நிறுத்தினான். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, வியர்வையே இல்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பிக்கப் உறுமிவிட்டு நின்றது. மறுபடி உறுமிவிட்டு நின்றது. நீங்கள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மணலில் ரோட்டைப் பார்த்து ஓடினீர்கள். செருப்புகூடப் போடவில்லை. நானும் மீனாவும் பின்னால் ஓடினோம். பட்டாணிக்காரர் பார்த்துவிட்டுத் தோட்டத்து லாரியை எடுத்து வந்தார். வழி முழுக்க, "ஏ மக்கா, அப்பாவப் பாரு. அப்பாவப் பாருல" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய் டிரிப் ஏற்றினார்கள். மலையாளி நர்ஸ் ஒருவர் விவரம் கேட்க வந்தார். பெயர், வயது எல்லாம் சொன்னீர்கள்.

"வீடு எவிடெயா? ஃபிளாட் நம்பர் சொல்லுங்க."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அவர் மறுபடி கேட்டார். அப்போது மீனாதான், "லேக்ல, ஆன்ட்டி" என்றாள்.

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு உங்கள் கால்களைப் பார்த்தார். உள்ளங்கால் கொப்புளம் உடைந்து தரையெல்லாம் ஈரம். அந்த நடைபாதையில், எல்லோர் முன்னாலும், முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். அதற்கு முன்பு நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை.

கதிர் பிழைத்தான். அந்த நர்ஸ், பெயரைச் சொல்லாமல் சேச்சி என்றே கூப்பிடச் சொன்னவர், எங்களைத் தன் ரூமுக்குக் கூட்டிப்போனார். பெண்கள் சேர்ந்து தங்கும் ஃபிளாட். உங்களுக்கும் நாய்க்கும் அங்கே இடமில்லை. "நான் வண்டியப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அந்த லாரியிலேயே திரும்பிப் போனீர்கள். அந்தக் கோடையின் பாதியை அந்தத் தகரத்துக்குள் கழித்தீர்கள்.

சாயங்காலங்களில் பட்டாணிக்காரரின் ஃபோனிலிருந்து பேசுவீர்கள். "கொஞ்சம் தள்ளி ஒரு மர நிழல் இருக்கு. நாளைக்கு வண்டிய அங்க நகத்திருவேன்" என்பீர்கள். அந்தக் கரையில் மரமே இல்லை என்பது எனக்குத் தெரியும். பிக்கப் ஓடாது என்பதும் தெரியும். "நகத்திருங்க, அப்பத்தான் கொஞ்சம் கண் அசரலாம்" என்பேன். மறுநாளும் அதையே சொல்வீர்கள். நானும் அதையே சொல்வேன்.

வழக்கு முடிந்து, பாஸ்போர்ட் கிடைத்து ஊருக்கு வந்தோம். பிஸ்கட்டைப் பட்டாணிக்காரர் வைத்துக்கொண்டார். ஏர்போர்ட்டில் கதிர் உங்களை அடையாளம் தெரியாமல் என் பின்னால் ஒளிந்தான், அவ்வளவு கறுத்து, அவ்வளவு மெலிந்திருந்தீர்கள். சில வருடங்களில் சிறுநீரகம் கெட்டது. எதனால் என்று டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. அந்தக் கோடையின் வெயிலாக இருக்குமோ என்று நான் அவர்களிடம் கேட்கவும் இல்லை.

நீங்கள் போன பிறகு கதிர் இந்த வீட்டில் ஏசி மாட்டினான். நல்ல பிள்ளை, உங்களைப் போலவே எதையும் சொல்லிக்காட்டத் தெரியாதவன். ஆனால் சித்திரை மாதத்து மதியங்களில் என்னால் அந்த அறையில் இருக்க முடிவதில்லை. மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறேன். "பைத்தியமாம்மா உனக்கு, உள்ள வா" என்று அவன் கத்துகிறான். அவனிடம் என்ன சொல்ல? உங்களை அங்கே தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் எப்படி உள்ளே போவேன்?