மாப்பிள்ளை கேட்ட கறிப் பட்டியல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடையிலிருந்து மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்கள் இருவரும் சுகம் என்று நானே எழுதிக்கொள்ளலாம், மனசு ஒப்பவில்லை. போனில் பேசினால் உங்கள் அத்தை பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால் வியாபாரத்தை முடித்து, கறிக்கட்டையைக் கழுவிவிட்டுத் தாளில் எழுதுகிறேன். படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புவேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். அங்கே மாட்டுக்கறியெல்லாம் தட்டில் அடைத்து மேலே ஏதோ பேர் ஒட்டியிருக்கிறது, எது என்ன என்று தெரியவில்லை என்றீர்கள். பேரை விட்டுத் தள்ளுங்கள். ஆள் நின்று வெட்டுகிற கடையாகப் பார்த்துப் போய், உங்கள் உடம்பிலேயே தொட்டுக் காட்டுங்கள். மாட்டுக்கும் நமக்கும் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே தொட்டால் நல்லி எலும்பு. அதை மூன்று விரல் அகலத்துக்கு அறுத்துத் தரச் சொல்லுங்கள், முழுசாக வாங்கினால் உங்கள் பாத்திரத்துக்குள் போகாது. ஈரல் பளபளவென்று இருக்க வேண்டும், வாடை அடிக்கக் கூடாது. மேல் சவ்வை உரித்துத் தரச் சொல்லுங்கள். மண்ணீரலைப் பெரும்பாலும் வெளியே வைக்க மாட்டார்கள், முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். இடது பக்க விலாவுக்கு அடியில் தொட்டுக் காட்டுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இப்போது நான் கேட்கிறேன்.

இதையெல்லாம் ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்? என் மகள் எட்டு வயசிலேயே கண்ணை மூடிக்கொண்டு, தொட்டுப் பார்த்தே தொடைக்கறி எது, நெஞ்சுக்கறி எது என்று சொன்னவள். அங்கே போன முதல் வாரமே ஒரு கடைக்காரரை மடக்கி, உங்கள் கத்தி மொட்டை என்று சொல்லிவிட்டு வந்தவள். மூன்று வருஷமாகக் கறி வாங்குவது அவள் வேலை, பையைத் தூக்குவது உங்கள் வேலை. பக்கத்தில் இருக்கிறவளை விட்டுவிட்டு என்னைக் கேட்டீர்கள். கேட்டதோடு நிற்காமல், அவளிடம் சொல்லிவிடாதீர்கள், ஒரு ஆச்சரியம் கொடுக்கப் போகிறேன் என்று வேறு எழுதினீர்கள். மண்ணீரல் வாங்கிக் கொடுத்துப் பெண்டாட்டியை ஆச்சரியப்படுத்திய ஆம்பிளையை நான் இதுவரை பார்த்ததில்லை, மாப்பிள்ளை.

முதலில் சண்டையோ என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாளோ, அதைத்தான் மூடி மறைக்கிறீர்களோ என்று. உங்களைக் கொஞ்சம் தப்பாகவும் நினைத்தேன், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக அவள் முகம் காட்டிப் பேசவில்லை. கேட்டால் நெட் சரியில்லை என்கிறாள். நீங்கள் பேசும்போது மட்டும் அதே நெட் நன்றாக வேலை செய்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, தூங்குகிறாள் என்றீர்கள். அப்போது அங்கே பகல் பதினொரு மணி என்பது எனக்குத் தெரியாதா?

பிறகு உங்கள் பட்டியலைத் திரும்ப ஒருமுறை படித்தேன். நெஞ்சுக்கறி இல்லை. கொழுப்பு இல்லை. கொழுப்புத் துண்டு இல்லாமல் உங்களுக்கு ஒரு கவளம் உள்ளே இறங்காது. நல்லி, ஈரல், மண்ணீரல் மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. முப்பது வருஷமாக இந்தக் கட்டைக்கு முன்னால் நிற்கிறேன். யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் காய்ச்சல் என்று அவர்கள் கேட்கிற கறியை வைத்தே சொல்லிவிடுவேன். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால் அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் போயிருக்கிறது. பிள்ளை பிறந்த வீடு என்றால் புருஷன் சிரித்துக்கொண்டே கேட்பான். சிலர் தலையைக் குனிந்துகொண்டு, சீக்கிரம் குடுங்க என்பார்கள். அவர்களை நான் எதுவும் விசாரிப்பதில்லை. ஒரு துண்டு கூடப் போட்டு அனுப்பிவிடுவேன்.

உங்களை விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அவள் தன் அம்மாவிடம், நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று சொன்னாள். அன்றிலிருந்து உங்கள் அத்தை பழைய பருத்தித் துணிகளைத் துவைத்து, பிறக்கப் போகிற பிள்ளைக்கு என்று சின்னச் சின்னதாகக் கிழித்து மடித்து வைக்கிறாள். நேற்றுகூட மடித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. அவள் எழுந்து நடக்கிறாளா? டாக்டர் என்ன சொன்னார்? ரத்தம் நின்றுவிட்டதா? சூப்பு மட்டும் போதாது, மாத்திரையையும் நேரத்துக்குக் கொடுங்கள். நீங்களும் அந்த அடுப்படியில் நின்றபடியே எதையாவது விழுங்காமல், உட்கார்ந்து சாப்பிடுங்கள். சமைக்கத் தெரியாத கையால் இவ்வளவும் செய்யத் துணிந்தீர்களே, அதற்காகவே நீங்கள் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

எங்களிடம் சொல்லக் கூடாது என்று அவள்தான் உங்களிடம் சத்தியம் வாங்கியிருப்பாள். அதை நீங்கள் மீற வேண்டாம். இந்தப் படத்தை அவளிடம் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். இனிமேல் எழுதுவது அவளுக்கு.

கண்ணு, அப்பா பேசுறேன். நீ எந்தத் தப்பும் பண்ணல. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், அவ உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டா. போனைப் போடு. நீ எதுவும் பேச வேணாம், அழணும்னா அழு. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் வச்சிட மாட்டேன்.

அப்பா