இரண்டு மேசைக்கு நடுவில்

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. புன்னக்காயல் அலுவலகத்துக்கு வாங்க வேண்டியவை: ஃபேன், பாய், பூட்டு, தண்ணீர்க் குடம். கம்ப்யூட்டர் கடைசியில்தான் நினைவுக்கு வந்தது.

பத்திரிகை கடல் வரை போகப்போகிறது. அப்பாவும் சித்தப்பாவும் கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்தபோது வாரம் ஒரு தாள். விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்து கேட் முன்னால் நின்று விற்றது. பிறகு தினசரி. ஊர் ஊராக ஆற்றோடு கீழே இறங்கி, இப்போது ஆறு கடலில் சேரும் இடத்தில் இரண்டாவது பதிப்பு. பொறுப்பு என்னுடையது. எழுதிப் பார்க்கவே சந்தோஷம்.

ஆனால் இன்று இரண்டு பேரும் முகம் கொடுக்கவில்லை. போன மாதம் தலையாட்டியவர்கள்தான். அப்பா: "மழை முடியட்டும். தை பொறக்கட்டும்." சித்தப்பா: "அங்கன கரண்டு சரி கெடையாது. பைய போலாம்மா." இருவரும் ஒரே பக்கம் நின்று இப்போதுதான் பார்க்கிறேன். என்ன நடக்கிறது?

நவம்பர் 5, செவ்வாய்

தலைவலி. வழக்கம்போல் நடு மேசையில் நான். வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் சித்தப்பா. எட்டினால் தொட்டுவிடலாம். அவர்களுக்குள் பேச்சு மட்டும் கிடையாது. கல்யாணமாகிப் போய், சில வருஷம் கழித்து ஊருக்கே திரும்பி நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அன்றே இப்படித்தான் இருந்தார்கள்.

"ஏட்டி, கோயில் செய்தி யாரு எழுதுதான்னு ஒன் சித்தப்பாட்ட கேளு."

"நான் எழுதுதேன்னு ஒங்க அப்பாட்ட சொல்லும்மா."

எல்லாம் எல்லோருக்கும் கேட்கிறது. ஆனாலும் நான் திருப்பிச் சொன்னால்தான் செல்லும். இன்று வேண்டுமென்றே சும்மா இருந்து பார்த்தேன். சாப்பாடு வராத பந்தியில் இருப்பவர்கள் மாதிரி இருவரும் என்னையே பார்த்தார்கள். பாவமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குச் சொதி. உப்பு கூடுதல்.

இவர்களுக்குள் என்னதான் சண்டை? அச்சு மெஷினில் வேலை பார்க்கும் அண்ணாச்சி: "மெஷின் வாங்குனதுல வந்தது தாயி." விளம்பரம் பிடிப்பவர்: "சொத்துதான், வேற என்ன?" அம்மா: "ஒனக்கு வேற சோலி இல்லையா?" அம்மா பதில் சொல்லாத கேள்வியில் ஏதோ இருக்கிறது.

நவம்பர் 7, வியாழன்

நல்ல வெயில். சித்தியோடு ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் கலங்கல். படித்துறையில் கால் வைத்ததும் கேட்டுவிட்டேன்.

"ஒன் கல்யாணந்தான்ட்டி," என்றாள் சித்தி, முகத்துக்கு மஞ்சள் தேய்த்துக்கொண்டே. "அன்னைக்கி ஆத்துல வெள்ளம். ஒங்க சித்தப்பா மொதப் பக்கம் பூரா வெள்ளத்தப் போட்டுட்டு, ஒன் கல்யாணப் படத்த மூணாம் பக்கத்துல வச்சிட்டாவ. மறுநா பேப்பர மடிச்சு வச்சிட்டுப் பேச்ச விட்டவுகதான் ஒங்க அப்பா."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. எந்தப் பக்கத்தில் வந்தது என்று நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. படத்தில் கண்ணை மூடியிருக்கிறேனா என்றுதான் பார்த்தேன். என் பெயரில் நடக்கும் சண்டைக்கு நானே இத்தனை காலம் தூது போயிருக்கிறேன். அப்பா மேல் கோபம். ஒரு வார்த்தை சமாதானம் சொல்லாத சித்தப்பா மேலும் கோபம். வெள்ளம் முதல் பக்கத்தில்தான் வர வேண்டும். நானாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

மழை, கரண்டு என்று சொன்னதெல்லாம் இப்போது புரிகிறது. நான் போய்விட்டால் நடுவில் யார்? போகாவிட்டால் புதுப் பதிப்பு இல்லை. போனால் இருக்கிற பத்திரிகை ஒழுங்காக வருமா? பயமாகத்தான் இருக்கிறது.

தலைமுடி காயவில்லை. தும்மல்.

நவம்பர் 9, சனி

"போறேன்" என்று இரண்டு மேசைக்கும் பொதுவாகச் சொன்னேன். பஸ்ஸில் மடியில் ஃபேன். காலடியில் குடம்.

புன்னக்காயல். காற்றெல்லாம் உப்பு. அலுவலகத்துக்கு இடம் கொடுத்திருக்கும் லூர்து அக்கா கேட்டாள்: "எங்க ஊரப் பேப்பர்ல போடுவியளா, இல்ல ஒங்க ஊர எங்களுக்கு விப்பியளா?" நல்ல கேள்வி. இரவு முழுக்க யோசிக்கலாம்.

சாயங்காலம் அப்பா போன். "ஏட்டி, அணையத் தொறக்கப் போறாவ. மொதப் பக்கத்துக்கு நான் எழுதுதேன்னு ஒன் சித்தப்பாட்ட சொல்லு."

"பக்கத்துலதான இருக்காவ?"

"ஆமா."

"அப்ப நீங்களே சொல்லுங்க."

வைத்துவிட்டேன். அடுத்து சித்தப்பா போன். எடுக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

புதுப் பதிப்பு தொடங்கும் வரை இங்கேயும் கல்லிடைப் பேப்பர்தான். முதல் பஸ்ஸில் கட்டு வந்தது. பிரித்தேன்.

முதல் பக்கம், மேலே: அணை திறப்பு. விவசாயிகள் மகிழ்ச்சி. (அப்பா.)

முதல் பக்கம், கீழே: அணை திறப்பு. கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. (சித்தப்பா.)

ஒரே அணை. படம்கூட ஒன்றேதான், இரண்டு இடத்திலும். பக்கம் கட்டும் பெண் யாரிடம் கேட்பாள்? இருவரும் முதலாளி. கொடுத்ததைப் போட்டுவிட்டாள்.

லூர்து அக்கா: "மேல ரெண்டு அணையா தொறந்திருக்காவ?"

அம்மா போன்: "டீக்கடைப் பக்கமே போக முடியலட்டி. ரெண்டு பேரையும் ஊரே ஓட்டுது."

மானம் போனது. வாய்விட்டுச் சிரித்தேன்.

நவம்பர் 11, திங்கள்

மழை கொட்டுகிறது. பூட்டில் அதற்குள் துரு. அவர்கள் இருவரிடமிருந்தும் போன் இல்லை. தூது இல்லாமல் காதில் ஏதோ குறைகிறது.

இன்றைய பேப்பரில் முதல் பக்கம் ஒழுங்கு. ஒரு செய்தி ஒரு தடவைதான். எப்படி?

பொறுக்க முடியாமல் அப்பாவின் நம்பருக்கு அடித்தேன். எடுத்தது சித்தப்பா! பின்னால் அப்பாவின் குரல், நேராக அவரிடமே: "ஏலே, நான் அவகிட்ட பேசலன்னு சொல்லு. புதுப் பதிப்புல மொதப் பக்கம் அந்த ஊர்ச் செய்திதான் வரணும்னும் சொல்லு."

"அப்பா சொல்லுதாவ..." என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

"கேட்டுச்சு சித்தப்பா. அப்பாட்ட ஒண்ணு சொல்லுங்க. என் கல்யாணப் படம் மூணாம் பக்கத்துல நல்லாத்தான் வந்திருந்துது."

மழைச் சத்தம், இங்கேயும் அங்கேயும். பிறகு சித்தப்பா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவது கேட்டது.

"அண்ணே..."