காத்தமுத்துவின் வில்லை

மூன்றாம் நம்பர் சுரங்கம், ஜார்க்கண்ட்
5.2.2002

அன்புத் தங்கச்சி சந்திராவுக்கு,

இன்று காலை மேனேஜர் ஆபீஸ் வாசலில் ஒட்டிய பட்டியல் சொல்வது இது: ஞாயிறு மாலை, ஆள் இறக்கும் கூண்டின் வடம் அறுந்து நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு உடல் எடுத்தாயிற்று. மற்ற இருவரும் குழியின் அடியில், தண்ணீருக்குள். மூன்றாவது பெயர் என்னுடையது.

பயப்படாதே. உயிரோடுதான் எழுதுகிறேன். ஆபீசில் நடந்த பிழை. போலகத்தில் என் வீட்டுக்குத் தந்தி போய்விட்டதாம். என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீ ஒரு நடை போய் இதைப் படித்துக் காட்டு.

உன் வீட்டுக்காரன் அருள்மணியின் பெயர் பட்டியலில் இல்லை. வேறு சுரங்கத்துக்கு ஆள் கேட்டார்கள், போயிருப்பான்.

உன் அண்ணன்,
காத்தமுத்து

வரிச்சிக்குடி
12.2.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்த அன்றே போலகம் போனேன். வாசலில் பந்தல், உங்கள் போட்டோவுக்கு மாலை. படித்துக் காட்டியதும் சோமு மாமா, "எமனையே ஏமாத்திப்புட்டான்டா பய! கறி எடுங்கடா" என்று கத்தினார். அழுதவர்களெல்லாம் சிரித்தார்கள்.

உங்கள் அம்மா சிரிக்கவில்லை. மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப எம் புள்ள பேருல எறங்குனது யாரு ஆயி?"

ஆளுக்கொரு நம்பர் போட்ட வில்லையைக் கொடுத்தால்தான் விளக்குத் தருவார்கள், விளக்கு இருந்தால்தான் கூண்டில் ஏறலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். நேற்றுப் பட்டப்பகலில் கொல்லையில் அவர் செருமும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மொண்டவர் யாருமில்லை.

உங்கள் வில்லை யாரிடம் இருந்தது அண்ணா?

சந்திரா

மூன்றாம் நம்பர் சுரங்கம்
18.2.2002

சந்திராவுக்கு,

அருள்மணியிடம்.

எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் காண்டிராக்டர் பெயரை அடித்துவிடுவார். அந்த ஞாயிறு மூன்றாவது நாள். அவன் காலை ஷிப்டு முடித்து, தன் விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். குளித்த தலையைக்கூடத் துவட்டவில்லை. "ஒம் மூஞ்சிய எவன்டா பாக்குறான்? நம்பரத்தான் பாக்குறான். பேசாம படு" என்று சொல்லி என் வில்லையை எடுத்துக்கொண்டு போனான். அவனுக்காக நானும் முன்பு அப்படி இறங்கியிருக்கிறேன்.

சொன்னால் வேலை போகும், வழக்கு வரும் என்று பயந்து உன்னிடம் பொய் எழுதினேன். அந்தப் பொய்யை எடுத்துக்கொண்டு என் அம்மாவிடமே உன்னைப் போகவைத்தேன்.

இன்று விசாரணை அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உடலைக் கண்டால்தான் பெயரை மாற்ற முடியும் என்கிறார்.

காத்தமுத்து

வரிச்சிக்குடி
25.2.2002

காத்தமுத்து அவர்களுக்கு,

மார்ச் ஏழாம் தேதி வியாழக்கிழமை அடிவரை தண்ணீர் இறைத்துவிடுவார்கள் என்று விசாரணை அதிகாரியின் ஆபீசில் இன்று போனில் சொன்னார்கள். என் தம்பி அன்பழகன் புறப்பட்டுவிட்டான். அவர் இடது கையில் என் பெயர் பச்சை குத்தியிருக்கும். அடையாளம் அவன் பார்த்துக்கொள்வான். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

உங்கள் அம்மா இரண்டு நாளாக என்னோடுதான் இருக்கிறார். நான் கேட்காமலே வந்தார். உங்கள் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டினேன். ஊருக்கு வந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். என் தெரு வழியாக வராதீர்கள்.

பொட்டை இன்னும் அழிக்கவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கடைத்தெரு பூத்துக்குத் தம்பி போன் செய்வான்.

சந்திரா