டாய்ல் என்கிற பெயர்

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நம் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் டாய்ல் என்கிற பெயர் அயர்லாந்தில் பிறந்தது, அதன் கிழக்குக் கரையில் ஊருக்கு ஊர் டாய்ல்கள், நீ குடியேறிய மெல்போர்னிலும் நிறையப் பேர் என்று எழுதியிருந்தாய். பழைய ஐரிஷ் மொழியில் அதற்குக் 'கறுத்த அந்நியன்' என்று பொருள் என்ற இடத்தில் என்னை நிறுத்தச் சொன்னார்.

"அப்போ நான்தாம்மே அசல் டாய்லு. கறுப்பா கீறேன்னு இன்னாத்துக்கு எனக்கு அங்க போவ விசா இல்லேன்னாங்க?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. பேசின் பிரிட்ஜில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட்ட நெஞ்சு அல்லவா.

ஞாயிறு பூசை நேரத்தில் போய்விட்டார். காசிமேட்டில் அடக்கம் செய்தோம். பக்கத்து வீட்டுச் செல்லம்மாவின் பிள்ளைகள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். "உன் புள்ள வரலியாம்மா?" என்று அவள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீ சிவப்பாய்ப் பிறந்தாய், உன்னை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். அதில் அவருக்குச் சந்தோஷம்தான்.

அப்பாவின் படம் தொலைந்துவிட்டது என்று முன்பு எழுதியிருந்தாய். வேறொன்று இதனுடன் வைத்திருக்கிறேன். உன் வெள்ளைக்கார மனைவி வீட்டார் வந்து உட்காரும் அறையில் மாட்டு, ராசா.

ராயபுரத்திலிருந்து,
உன் அம்மா